நாற்பத்து நான்கு அங்குலம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில், அழகம்மா ஐந்து வருடமாகக் கோப்பைகளிலும் டீசேர்ட்டுகளிலும் படம் பதித்து வந்தாள். அந்த வேலைக்கு சப்ளிமேஷன் என்று பெயர். கடதாசியில் படத்தை இடம் வலமாகத் திருப்பி அடித்து, துணிமேல் வைத்துச் சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் வர்ணம் நூலுக்குள் இறங்கிவிடும். எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. ஆனால் அவளுடைய பிரின்டர் பள்ளிக்கூடக் கொப்பித்தாள் அகலம்தான். நெஞ்சில் ஒரு படம் போடலாம், அதற்கு மேல் முடியாது. அவள் புருஷன் ஆண்டியப்பன் அதே அறையில் தையல் மெசின் போட்டிருந்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தை மாதத்தில் ஜமால்தீன் படியேறி வந்தார். கீழ்த்தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவர். தேயிலைத் தோட்டங்களுக்கிடையிலான மென்பந்து கிரிக்கெட் போட்டியை வருடாவருடம் நடத்துபவர்.

"எட்டு டீமுக்கு ஜேர்சி வேணும், தங்கச்சி. முன்னுக்கும் பின்னுக்கும் முழுக்க வர்ணம். போன வருசம் கொழும்புல அடிச்சதுல வட்டவளைங்கிற எழுத்துல புள்ளி இல்ல, பூண்டுலோயாவுல கொம்பு இல்ல. பொடியன்மார் பேனையால எழுதிக்கிட்டு வெளையாடினாங்க."

"நா அடிச்சுத் தர்றேன், ஜமால்தீன் நானா."

"இந்தச் சின்ன மெசின்லயா?"

"மெசின மாத்திடுவேன். ஆறு வாரம் குடுங்க."

சொல்லிவிட்டாள். வட்டவளைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவள் அவள். தன் ஊர்ப் பெயர் பிழையாய் ஊரைச் சுற்றி வந்ததைக் கேட்டபின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

மெசின் வாங்கக் கொழும்புக்குப் புறப்படும் முன் மாடிப்படி திரும்பும் இடத்தைக் கயிற்றால் அளந்துகொண்டாள். ஆண்டியப்பனிடமிருந்து ஆகப் பெரிய சைஸ் ஜேர்சியின் வெட்டு அட்டைகளை வாங்கிச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

கடையில் கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் கூட வந்த ஆண்டியப்பனைப் பார்த்தே பேசினார். ஜேர்சி என்றதும் அறுபத்து நான்கு அங்குல மெசினுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சேர், எடுக்கிறதெண்டா இதை எடுங்க. பிறகு யோசிக்கவே தேவையில்லை."

"எனக்குத் தைக்கத்தாங்க தெரியும். மெசின பத்தி அவங்ககிட்ட பேசுங்க" என்றான் ஆண்டியப்பன்.

அழகம்மா அட்டைகளை எடுத்து இருபத்து நான்கு அங்குல மெசின்மேல் விரித்தாள். முதுகுத் துண்டு விளிம்போடு விளிம்பாய் நின்றது. ஓரத்துக்கு ஒரு நூல்கூட மிச்சமில்லை. நாற்பத்து நான்கில் விரித்தபோது முதுகும், பக்கத்தில் ஒரு கையும் சேர்ந்தே படுத்தன.

"இந்த அகலம் போதுங்க. அறுபத்து நாலு எங்க படியில திரும்பாது. அந்த அகலத்துக்கு பிரஸ் வைக்க எங்க அறையில எடமும் கெடையாது."

நாற்பத்து நான்கில் இரண்டு மெசின்கள் இருந்தன. ஒன்று விலை குறைவு, வேகமும் கூடுதல். விற்பனையாளர் அதைத் தட்டிக்கொடுத்தார். அழகம்மா பென் டிரைவை நீட்டினாள். கடும்பச்சைப் பின்னணியில் வெள்ளையில் 'வட்டவளை', கீழே அதையே பொடி எழுத்தில்.

"ரெண்டுலயும் அடிச்சு, துணியில பதிச்சுக் காட்டுங்க."

அவர் தயங்கினார். உள்ளேயிருந்து வந்த சிங்கள மெக்கானிக்கிடம் அவள் சிங்களத்திலேயே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பிரஸ்ஸைச் சூடாக்கினார்.

வேகமான மெசினின் துணியில் பச்சை கசிந்து, பொடி எழுத்தின் 'ட்ட' அடைபட்டுக் கட்டியாகக் கிடந்தது. மற்றதில் புள்ளி புள்ளியாகவே நின்றது. பின்னணியிலும் கோடு விழவில்லை.

"இதுதான்" என்றாள் அழகம்மா. விற்பனையாளர் பில் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மெசினும் அகலமான பிரஸ்ஸும் லொறியில் வந்தன. நாலு பேர் தூக்க, மெசின் படித் திருப்பத்தில் சுவரை உரசாமல் ஏறியது. ஆனால் முதல் ஜேர்சி மங்கிப்போய் வந்தது. வெளியே மூன்று நாளாக ஓயாத மூடுபனி. கடதாசியைத் தொட்டுப் பார்த்தவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஈரம். அலுமாரிக்குள் நூறு வாட்ஸ் பல்பை எரியவிட்டுக் கடதாசிச் சுருள்களை அதில் வைத்தாள். துணியையும் பதிக்கும் முன் பிரஸ்ஸில் ஒருமுறை வெறுமனே சூடுகாட்டினாள். அடுத்த ஜேர்சியை எடுத்து விரித்தபோது ஆண்டியப்பன் தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான்.

"துணியே இந்த நெறத்துல நெய்ஞ்ச மாதிரி இருக்கு" என்றான்.

எட்டு டீமுக்கும் எட்டு வர்ணம். இடம் வலமாய்த் திரும்பி வரும் ஒவ்வொரு பெயரையும் பிரஸ்ஸில் வைக்கும் முன் அவள் எழுத்தெழுத்தாய் வாசித்தாள். ஆறாவது வாரம் முடிய இரண்டு நாள் இருக்கையில் கடைசிக் கட்டு ஜமால்தீனின் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

போட்டியன்று பனி விலகி வெயில் அடித்தது. டீம்கள் வரிசையாக மைதானத்துக்குள் வந்தன. தோளிலிருந்து இடுப்பு வரை வர்ணம். நெஞ்சை நிறைத்துத் தமிழ் எழுத்து. கந்தப்பளை வந்தது, பூண்டுலோயா வந்தது, கொம்போடு. கடும்பச்சையில் வட்டவளை வந்தபோது, மரத்தடியில் நின்ற கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்தப் பெயரை உரக்க வாசித்துக் கைதட்டினார்கள். அழகம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜமால்தீன் ஒலிவாங்கியில் சொன்னார்: "இந்த வருசம் ஜேர்சி கொழும்புல அடிச்சதில்ல. நம்ம ஹட்டன்ல, நம்ம அழகம்மா தங்கச்சி அடிச்சது."

கைதட்டல் அடங்குவதற்குள் கந்தப்பளைப் பெண்ணொருத்தி அவளருகே வந்து நின்றாள்.

"அக்கா, நாங்க வலைப்பந்து டீம் வச்சிருக்கோம். பொம்பளைங்களுக்கும் இப்படி அடிப்பீங்களா?"

"அடிக்காம? வர்ணத்த நீங்களே சொல்லுங்க" என்றாள் அழகம்மா.