எண்பது டோக்கன்

வியாசர்பாடி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், சங்கமித்ராவின் வீட்டுக்குத் தை மாதத்திலிருந்து அட்டைகள் தாமாகவே படியேறி வரத் தொடங்கின. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி வரும். அதன் பின்னாலேயே அவையும் வந்து வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உள்ளங்கை அகலம், ரோஸ் நிறம், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். கீழ்வீட்டுப் பூவம்மா முதல் நாள் ஒன்றைத் துடைப்பத்தால் தட்டிப் பார்த்தார். அது ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டு மேலே போயிற்று. மரியாதை தெரிந்தவைதான் என்று அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவள் புருஷன் ஜெயவேல்தான். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடமாக கேட்டில் நிற்பவன். மைல் கணக்கில் வரிசை கட்டும் டிரெய்லர்களுக்கு டோக்கன் கொடுத்து உள்ளே விடுவது அவன் வேலை. அச்சடிக்காமல் இரண்டு பக்கமும் வெறுமையாக மிஞ்சிக் கிடந்த டோக்கன் அட்டைகளை, குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிற மனைவிக்கு ஆகுமே என்று கட்டுக் கட்டாக எடுத்துவந்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். சங்கமித்ரா மூன்று முறை எழுதி மூன்று முறையும் சொற்ப மதிப்பெண்ணில் தவறவிட்டவள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் தையல் கம்பெனிக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அட்டைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. சரியான பதில் சொல்லிவிட்டால் அட்டை படியிறங்கிக் கடல் பக்கமாகப் போய்விடும்; நான்கு நாள் கழித்து வரும். அப்போதும் சரியாகச் சொன்னால் பத்து நாள், பிறகு ஒரு மாதம், பிறகு மூன்று மாதம். தெரியாமல் விழித்தால் மறுநாள் காலையே வந்து நிற்கும். முதலில் நாளைக்குப் பத்து எழுதிக்கொண்டிருந்தவள் ஆசை மிகுந்து அறுபது எழுதினாள். சித்திரையில் வாசலில் முந்நூறு நின்றன.

ஜெயவேலுக்குப் பொறாமை. இதில் மறைக்க ஒன்றுமில்லை, பச்சைப் பொறாமை. அவள் முகம் முழுக்க அட்டைகளுக்கு, காதோரம் மட்டும் அவனுக்கு. அதிலும் வைட்டமின் கே-யின் வேதிப்பெயர் என்ன என்று கேட்கிற அட்டை ஒன்று தினமும் வந்தது. அதைப் பார்த்தால் அவள் சிரித்துவேறு தொலைத்தாள்.

"அத்த மட்டும் டெய்லி வா வான்ற. நான் எதிர்ல குந்திகினு கீறேன், துன்னியான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"அது மறந்து மறந்து பூடுதுபா, அதான் வர்து," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

வைகாசியில் காத்திவாக்கத்தில் அவன் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. ஒரு நாள் விசேஷத்தை ஜெயவேல் வேண்டுமென்றே மூன்று நாளாக இழுத்தான். திரும்பி வந்தபோது வாசலில் தொடங்கிய வரிசை மூன்று மாடியும் இறங்கித் தெருவில் லாரி நிற்கிற இடம்வரை போயிருந்தது. ஆயிரத்து நூறு அட்டைகள். குடத்தோடு ஏற முடியாமல் பூவம்மா திட்டினார். சங்கமித்ரா காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்தாள். அலுப்பில் தெரிந்ததும் தப்பாயிற்று. தப்பானதெல்லாம் மறுநாள் திரும்பி வந்தது. நான்காம் நாள் பேனாவைப் பரண்மேல் எறிந்தாள். "என்னால ஆவாது. உட்டுட்றேன்." தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

ஜெயவேல் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வரிசையை எப்படிக் கரைப்பது என்று முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும். தெரிந்தே வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் பொறாமையைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். "யார்டுலேர்ந்து ஒரு நாளைக்கு எண்பது வண்டி வெளிய போச்சுன்னா, எண்பதுதான் உள்ள உடணும். முந்நூறு உட்டா ஒண்ணும் நகராது. மிச்சம் வெளிய நிக்கட்டும், இன்னா இப்போ? புச்சா ஒண்ணுகூட எழுதாத." எண்பது அட்டைகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தான். மற்றவை படியில் பொறுமையாக நின்றன. வைட்டமின் கே-யை மட்டும், பிரேக் டவுன் ஆன வண்டியைப்போல, பத்து நாளைக்கு ஓரங்கட்டினான். அதில் சொந்தப் பகையும் கொஞ்சம் உண்டு.

வரிசை முதல் மாடிக்குச் சுருங்கியிருந்த ஒரு காலையில் அவன் கைக்கு ஓர் அட்டை வந்தது. அவள் கையெழுத்து. "ஜெயவேலுக்கு மனசு கஷ்டமானால் என்ன செய்வான்?" பின்பக்கம்: "சட்டைப் பொத்தானைத் திருகுவான்."

"இது இன்னாது?"

"மொத மொதல்ல எழுதிப் பழகறதுக்கு எழுதினது. ஒரு தபாகூட தப்பல. அதான் உன் கண்ல படல."

"இப்போ சொல்லிட்டீனா?"

"பத்து மாசம் கயிச்சி வரும். நல்லா தெரிஞ்சது அப்படித்தான்."

வேறொருவனாக இருந்தால் குளிர்ந்துபோயிருப்பான். ஜெயவேலுக்கோ வயிறு இன்னும் எரிந்தது. மறந்துபோகிற வைட்டமினுக்குத் தினமும் தரிசனம், மறக்காத புருஷனுக்குப் பத்து மாதமா? அவன் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகின.

அன்றைக்கு அவளுக்கு எண்பதில் ஒவ்வொரு இடமும் முக்கியம். சங்கமித்ரா அட்டையைப் பார்த்தாள், அவன் விரல்களைப் பார்த்தாள்.

"தெர்லயே," என்றாள். "மறந்துட்டேன்."

சட்டப்படி அந்த அட்டை மறுநாள் காலை தண்ணீர் லாரிக்குப் பின்னால் வந்து நின்றது.

தேர்வில் அவள் தேறினாள். இளநிலை உதவியாளர் வேலை கிடைத்து இப்போது தினமும் பஸ் ஏறிப் போகிறாள். அட்டைகள் வருவது நாளைக்கு முப்பதாகக் குறைந்துவிட்டது. பூவம்மா குடத்தோடு தடையில்லாமல் ஏறுகிறார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சங்கமித்ரா இன்றுவரை சரியான பதில் சொன்னதில்லை. ஜெயவேல் தினமும் அதற்குத்தான் முதல் டோக்கன் தருகிறான்.