யாரும் காது வைக்காத சத்தம்

புஷ்பத்தின் நெஞ்சுக்குள் யாரோ முணுமுணுப்பது தெருவில் எல்லோருக்கும் கேட்டது. சாக்கைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். அவள் அப்பா சேசடிமை கடலிலிருந்து வந்தால், ரேடியோவை அந்தச் சத்தத்துக்கு ஒரு படி மேலே வைத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரி ஒரே ஒரு நாள் வந்து, "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா வைக்கச் சொல்லுக்கா, வீட்டுல விருந்தாளு" என்றாள்.

அம்மாவின் பெயர் பிரகாசி. அவளுக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. பழகாதது வேறு. மூன்று வயதுப் பிள்ளை பத்தடி நடந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். நாவற்பழம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி, பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

கவுண்டரில் இருந்தவர் நிமிரவில்லை. "பேரு?"

"புஷ்பம்."

"பிள்ளை பேரு இல்லம்மா. சத்தத்தோட பேரு."

"அதுக்குப் பேரு வைக்கலையே, ஐயா."

அவர் பெருமூச்சு விட்டு, 'பெயரிடப்படாதது' என்று எழுதினார். டோக்கனைச் சத்தத்துக்குக் கொடுத்தார். புஷ்பத்தின் பெயரைத் துணைக்கு வந்தவர் என்ற கட்டத்தில் போட்டார்.

முன்னால் ஒரு பையன் நின்றான். அவன் நெஞ்சில் தம்புரா மாதிரி மெல்லிய ரீங்காரம். கவுண்டர்காரர் காது வைத்துக் கேட்டார். அவன் ஓடுகிறானா, நன்றாகச் சாப்பிடுகிறானா என்று விசாரித்தார். அட்டையில் 'குற்றமற்றது' என்று முத்திரை குத்தினார்.

"நல்ல பிள்ளைக்கும் இப்படிக் கேக்கும். தன்னால அடங்கிரும். கூட்டிட்டுப் போங்க."

பிரகாசி தன் அட்டையை நீட்டினாள். "எங்களுக்கும் அதையே குத்திருங்கய்யா."

அவர் புஷ்பத்தின் உதட்டைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். மைப்பெட்டியை மூடினார்.

"பன்னெண்டாம் ரூமுக்குப் போங்க."

பன்னிரண்டாம் அறை நாற்பது அடி தூரத்தில் தெரிந்தது. பத்தடி நடந்ததும் புஷ்பம் உட்கார்ந்தாள். எழுந்து பார்த்தால் மறுபடியும் நாற்பது அடி. ஒவ்வொரு தடவை அவள் உட்காரும்போதும் வராந்தா பத்தடி நீண்டது. தரை பெருக்குகிற பெண் நின்று பார்த்தாள்.

"பிள்ளையை உக்கார விடாதீங்கம்மா. பெருக்கி மாளல."

"உக்காந்தாத்தான் அவளுக்கு மூச்சு வருது."

"அப்ப சரி. நீளட்டும்," என்று அவள் பெருக்கப் போனாள்.

பிரகாசி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வராந்தா நீளுவது நின்றது. ஆனால் அதுவரை இல்லாத கதவு ஒன்று நடுவில் திறந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி. சுவர் முழுக்கத் தகரப் பெட்டிகள்.

"பிரகாசியம்மாளா? உங்க சத்தம் ஒண்ணு ஏழு வருசமா இங்க கிடக்கு."

"என் பிள்ளை சத்தம் இந்தா இருக்கே."

"இது மூத்தது."

பிரகாசி சுவரிலிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். புஷ்பத்துக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருந்தான். பால் குடிக்கும்போது அவன் நெற்றி வேர்க்கும். இரண்டு வாய் குடிப்பான், விட்டுவிட்டு இரைப்பான், மறுபடி இரண்டு வாய். எடை ஏறவே இல்லை. வெக்கை என்றார்கள். பால் பத்தவில்லை என்றார்கள். நாலாம் மாதம் போய்விட்டான். அவன் சத்தம் தெருவுக்குக் கேட்கிற சத்தம் இல்லை. நெஞ்சில் காது வைத்தால்தான் கேட்டிருக்கும். யாரும் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"கேக்காம விட்ட சத்தம் எங்கயும் போகாதும்மா. இங்கதான் வரும். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிடுங்க. இடமில்ல."

கையெழுத்துப் போட்டாள். பெட்டியை வாங்கினாள். மூணு கிலோ அறுநூறு இருக்கும். கடைசியாகத் தூக்கியபோது இருந்த அதே எடை. கைக்கு அது தெரிந்தது.

ஒரு இடுப்பில் பிள்ளை, மறு இடுப்பில் பெட்டி. அப்படியே பன்னிரண்டாம் அறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து திறக்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். பார்த்தால் கேட்காதாம். இறக்கிவிட்டதும் புஷ்பம் மூன்றடி வைத்தாள்.

"உக்காந்துட்டாளா?"

"ஆமா, டாக்டரம்மா."

"அழுதா இன்னும் நீலமாகுதா?"

"ஆமா."

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "இருதயத்துச் சுவத்துல ஓட்டை. நுரையீரலுக்குப் போற வழி இறுகிக் கிடக்கு. தச்சிரலாம். இன்னைக்கே."

ஆபரேஷன் தியேட்டர் புஷ்பத்தின் மூடிய கை அளவுதான் இருந்தது. டாக்டரம்மா செருப்பைக் கழற்றி, நன்றாகக் குனிந்து உள்ளே போனார். பின்னால் நர்ஸ்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. பிரகாசி வெளியே பெஞ்சில் இருந்தாள். ஜன்னலில் மூன்று மத்தியானங்கள் வந்து போயின. மூன்றாவதில் டாக்டரம்மா வந்தார்.

"முடிஞ்சுது. பொழைச்சுக்குவா."

கட்டிலில் புஷ்பம் தூங்கினாள். உதடு உதட்டு நிறத்தில் இருந்தது. அறை அமைதியாக இருந்தது. பிரகாசிக்குப் பயம் வந்தது.

"சத்தத்தக் காணுமே, டாக்டரம்மா?"

"கொஞ்சம் மிச்சம் இருக்கும். காது வச்சாத்தான் கேக்கும்."

பிரகாசி குனிந்து காது வைத்தாள். கேட்டது. அப்படியே வெகுநேரம் இருந்தாள்.

நிமிர்ந்தபோது டாக்டரம்மா பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "இது?"

"அவ அண்ணன்."

டாக்டரம்மா பெட்டியின் மேல் குழாயை வைத்தார். இடம் மாற்றி இடம் மாற்றிக் கேட்டார். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

"பெரிய ஓட்டை. நல்லாக் கேக்குது. சரி பண்ணியிருக்கலாம்."

"எப்பம்?"

"மூணாம் மாசத்துல."

பிரகாசி தலையாட்டினாள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வேறு கேள்வி இல்லை.

டாக்டரம்மா மேசைக்குப் போய்ச் சீட்டு எடுத்தார். புஷ்பத்தின் பெயரை எழுதினார். கீழே இன்னொரு கோடு போட்டார்.

"இவன் பேரு?"

ஏழு வருடமாக வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் சேசடிமை எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். பிரகாசி இரண்டு தடவை வாயைத் திறந்தாள். மூன்றாவது தடவை வந்தது.

"சந்தனராசு."

டாக்டரம்மா எழுத்துக் கூட்டி எழுதிச் சீட்டைக் கொடுத்தார்.

"அடுத்த மாசம் எட்டாம் தேதி. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."