கரிக்காத கல்

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவர் தனக்கோடி, கை கழுவுவதற்கு முன்னால் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரல் நீளம், தண்ணீர் போலத் தெளிவு. உப்பளத்தில் கடல்தண்ணீரைச் சுண்டவிடும் பெரிய பாத்தியைச் சுரண்டும்போது அடிச்சேற்றில் கிடைத்ததாம்.

“இந்தா பாக்கியம், உன் பள்ளிக்கூட லேப்புக்கு.”

“லேப்புக்கா, எனக்கா?”

“உனக்குத்தான். மொதல்ல சோத்தப் போடு.”

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனவர், தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சுவிட்சை ஈரக்கையோடு தொட்டார். மின்சாரம் பாய்ந்து அங்கேயே போய்விட்டார்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்று, அவர் தம்பி கலியன் என் மாமியார் முத்தம்மாளோடு வீட்டுக்குள் வந்தான். வண்டிச் சாவியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தான். என் கணவர் படத்தின் முன்னால் விளக்கோரம் நான் வைத்திருந்த கல்லை எடுத்து நாக்கில் வைத்தான். எங்கள் பக்கத்தில் எதையும் அப்படித்தான் சோதிப்பார்கள். கரித்தால் உப்பு, கரிக்காவிட்டால் உப்பில்லை. அதற்கு மேல் கேள்வி கிடையாது.

“கரிக்கல. ஸ்படிகம்மா இது. ஆரோவில்ல நான் தோட்ட வேல செய்ற வீட்டுல இதே மாதிரி கல்லக் கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காங்க.”

“எம்புள்ள கண்டெடுத்தத இவ அமுக்கப் பாத்தாளா?” என்றார் மாமியார்.

“எல்லாரும் பாக்கத்தான அத்த வச்சிருக்கேன்? அது ஜிப்சம். நகத்தால கீறுனாலே தூளு வரும். ஸ்படிகத்துல நகம் ஏறாது.”

“லேப்பு பெருக்குறவங்க சொல்லிட்டாங்க, கேட்டுக்கம்மா,” என்று கலியன் சிரித்தான்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் கல் மாதிரிகளைத் துடைத்து வைப்பது என் வேலை. மதிப்பில்லாத கல் என்று தெரிந்தால் வைத்துவிட்டுப் போய்விடுவான் என்று நம்பினேன். அவன் கையிலிருந்தபடியே கல்லை நகத்தால் கீறினேன். வெள்ளைத் தூள் வந்தது.

“கல்லக் கெடுக்காதீங்க அண்ணி!” என் கையைத் தட்டிவிட்டான்.

“அப்பக் கண்ணாடியில கீறிப் பாரு. ஸ்படிகம்னா கண்ணாடியில கோடு போடும்.”

அலமாரிக் கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. அவனோ, மாலை போட்ட அண்ணன் படத்தின் கண்ணாடியில், நெற்றிப் பொட்டுக்கு மேலே வைத்து அழுத்தி இழுத்தான். வெள்ளைக் கோடு விழுந்தது.

“பாத்தியாம்மா? கீறிடுச்சி!”

நான் முந்தானையால் துடைத்தேன். கோடு போய்விட்டது. தேய்ந்தது கல்தான். மாமியார் வேறு பக்கம் பார்த்தார். கலியனின் முகம் கறுத்தது.

“குடு. அவரு எனக்குக் குடுத்தது.”

“ஒண்ணுத்துக்கும் ஆவாத கல்லுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் எதுக்கு?”

வாசற்படியில் கல்லை வைத்து, பந்தற்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லை எடுத்து ஓங்கிப் போட்டான். கல் பட்டை பட்டையாகப் பிரிந்து நொறுங்கியது. “வாம்மா,” என்று வண்டியைக் கிளப்பினான். அவருடைய வண்டி.

படம் அதே சுவரில்தான் இருக்கிறது. பொட்டுக்கு மேலே, கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை.