நடுப்புள்ளி விழுந்த பக்கம்

கரடியூர்க்காரி மலர் திட்ட ஆபீசுக்குள் நுழைந்தபோது, திட்ட அலுவலர் சந்தோஷ் கம்ப்யூட்டர் திரையில் மலையைக் கலர் கலராக விரித்து வைத்து, தானே ரசித்துக்கொண்டிருந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். பச்சை, மஞ்சள், ஊதா. சேர்வராயன் மலையில் சதுரமாக ஒரு பாறைகூடக் கிடையாது. ஆனால் தினமும் சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் தலை சுற்றி வந்து இறங்குகிற மனிதருக்கு மலை சதுரமாகத் தெரிந்தால் யார் என்ன செய்ய முடியும்?

மலருக்கு அந்த அழகைப் பார்க்கப் பொறுமை இல்லை. இந்த வருஷம் புது ஏற்பாடு ஒன்று வந்திருந்தது. சாகுபடிப் பட்டியலில் பேர் இருந்தால்தான் அறுவடைச் சீட்டு. சீட்டு இல்லாத காப்பி மூட்டை செக்போஸ்ட்டைத் தாண்டாது. அவள் செடிகளில் பழம் சிவந்துவிட்டது. இன்னும் பத்து நாள் போனால் உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். பட்டியலிலோ அவள் பேரே இல்லை. அவளுடைய அண்ணன் மாதேஷ் பேரில் ஒன்றரை ஏக்கர் என்று போட்டிருந்தது.

அப்பன் விட்டுப்போனதே மொத்தம் ஒன்றரை ஏக்கர்தான். அதை மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் நெடுக வகிர்ந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பிரிப்பார்கள். குறுக்கே வெட்டினால் ஒருத்தருக்குச் சாமை விளைகிற வறண்ட மேடு, இன்னொருத்தருக்கு ஓடைத் தண்ணீர் என்று ஆகி, சாகிற வரைக்கும் சண்டை போட வேண்டியதுதான். நெடுக வெட்டியும் சண்டை வந்தது என்பது வேறு விஷயம். மாதேஷ் நிழல் மரத்தைக் கழித்தபோது கிளை விழுந்து மலரின் காப்பிச் செடி நாலு ஒடிந்தது. இரண்டு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. ஆகவே பட்டியலைப் பார்த்ததும், அவன்தான் யாரையோ பிடித்து அவள் பங்கையும் சேர்த்து எழுதிக்கொண்டான் என்று மலர் முடிவு கட்டிவிட்டாள்.

"எங்கண்ணன் யாருக்குங்க கறிச்சோறு போட்டான்? உங்களுக்குங்களா?" என்று நேராக சந்தோஷிடமே கேட்டாள்.

சந்தோஷ் சிரித்தார். "யாரும் எழுதலம்மா. இது கம்ப்யூட்டர் பண்றது, தப்பே வராது. உங்க ஊரு மொத்தத்தைப் பாருங்க, ஒரு சென்ட் குறையல."

"மொத்தம் சரியா இருந்தா எனக்கென்னங்க சார்? நான் அதுல இல்லீங்களே."

சந்தோஷ் கையை ஓரமாகக் காட்டினார். பதில் இல்லாத எதையும் ஓரத்து மேஜையில் இருக்கிற ரம்யாவிடம் தள்ளிவிடுவது அவர் வழக்கம். வரைபட வேலை அத்தனையும் செய்வது அந்தப் பெண்தான். அவர் செய்வது ரசிப்பது.

"அக்கா, உங்க நிலத்தைச் சுத்தி நடந்து அளந்தாங்கல்ல?" என்றாள் ரம்யா.

அளந்தார்களா என்றா கேட்கிறாள்! முன்னால் உண்ணிச்செடிப் புதரை வெட்டி வழி விட்டதே மலர்தான். காலில் நாலு அட்டை கடித்தது. ரம்யா எதையோ தட்டினாள். சதுரங்கள் மறைந்து, நீளமாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நிலங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. ஓடைக்கரையில் பாறையைச் சுற்றி வளைகிற வளைவுகூட இருந்தது.

"அட, இது என்ற நெலந்தான் கண்ணு!"

"ஆமாங்க்கா, இது பத்திரமா இருக்குது. இதை முப்பது மீட்டர் சதுரமா மாத்தச் சொன்னாங்க. மழை, சரிவு எல்லாம் சேட்டிலைட்ல சதுரமாத்தான் வருது, அதோட சேர்ந்தாத்தான் படம் வருமாம். ஒரு சதுரம் ஒருத்தருக்குத்தான். அதோட நடுப்புள்ளி யாரு நிலத்துல விழுதோ, சதுரம் மொத்தமும் அவங்களுக்கு. உங்களுது பதினஞ்சு மீட்டர் அகலம், அண்ணனோடதும் பதினஞ்சு. புள்ளி எல்லாமே அந்தப் பக்கம் விழுந்திருச்சு."

அப்படியானால் அண்ணன் மேல் தப்பில்லை என்று மலருக்குப் புரிந்தது. அண்ணன் மேல் இருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பல்ல.

"ஏனுங்க சார், கோலம் போடறவகூட வாசலுக்குத் தக்கன புள்ளி வெப்பா. புள்ளிக்குத் தக்கன ஊட்டை இடிக்க மாட்டா. இதுக்குத்தான் படிச்சீங்களா?"

சந்தோஷின் முகம் சுருங்கியது. "சத்தம் போடாதீங்க. ரம்யா, கட்டத்தைக் கொஞ்சம் கிழக்கால நகர்த்து."

"சார், அப்படிப் பண்ணினா…"

"நகர்த்தும்மா."

இரண்டு நிமிஷத்தில் புதுப் பட்டியல் வந்தது. மலர், கரடியூர், ஒன்றரை ஏக்கர். சந்தோஷ் அதை வரம் கொடுக்கிற தோரணையில் நீட்டினார். "உங்க பேரு வந்திருச்சு பாருங்க. கையெழுத்துப் போட்டுட்டுச் சீட்டை வாங்கிக்குங்க. மொத்தம் இப்பவும் சரிதான்."

மலர் பேனாவை எடுத்தாள். பட்டியலில் விரலை ஓட்டினாள். மாதேஷ் இல்லை.

"நகர்த்தினதுல இன்னும் பத்துப் பேரும் போயிட்டாங்க்கா," என்றாள் ரம்யா மெதுவாக.

மறைப்பானேன், முதலில் மலருக்கு இனித்தது. செக்போஸ்ட்டில் மூட்டையோடு நின்று அந்த வாய்க்கொழுப்பு பிடித்தவன் முழிப்பதை நினைத்து நினைத்து ரசித்தாள். நாலு செடி ஒடித்தவனுக்கு இது வேண்டும். ஆனால் அவன் செடிகளிலும் பழம் சிவந்திருப்பதை அவள் தினமும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒருத்தன் நிலத்தைத் தூக்கி இன்னொருத்திக்கு வெற்றிலை பாக்கு மாதிரி கொடுக்கிற இந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்றான் மாதேஷ், எடுத்த எடுப்பில்.

"யாரும் சாவல. உன்ற நெலந்தான் காணாம போச்சு." நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். "ஜீப்பைப் புடிச்சு வா. இன்னும் பத்துப் பேரு சொல்றேன், அவுங்களையும் ஏத்திக்க."

யாரும் கேட்காமலேயே ரம்யா அந்தப் பேர்களை எழுதி நீட்டினாள். சந்தோஷ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"உன்னுது வந்திருச்சா?" என்று கேட்டான் மாதேஷ்.

"வந்திருச்சு. உன்னுதையும் சேத்து."

மாதேஷின் குரல் இறங்கியது. "நீ கையெழுத்துப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே மலரு."

"தெரிஞ்சிருக்காது," என்றாள். மேஜையில் கிடந்த பேனாவைத் தள்ளி வைத்தாள். "பேனாவைக் கையில எடுத்துட்டேண்ணா. வெரசா வா."