கடுமையான காய்ச்சல் காரணமாக

வெள்ளைப் புகைக்குள் சிவப்பு ரிப்பன்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன, பிள்ளைகளைக் காணோம், முகம் இல்லை, தாவணி இல்லை, மடித்துக் கட்டிய சடைகளின் ரிப்பன்கள் மட்டும் பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் வாசலில் அந்தரத்தில் நின்று இருமின, இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன், வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது, ஆகவே இடது கண் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, சுகாதார நிலையத்து ஆள் தோளில் ஒரு மிஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் மாதிரி உறுமிக்கொண்டே வகுப்பு வகுப்பாகப் புகை அடிக்கிறார், கொசுக்கள் ஜன்னல் வழியாக வெளியேறி எதிர்த்த டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன, அந்தப் புகை எதற்கு வந்தது என்று கேட்டால் காய்ச்சலுக்கு வந்தது, காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் பேனாவிலிருந்து வந்தது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவன், மணி என்று பெயர்தான், வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு அது, அடிக்காத நேரத்தில் சுற்றறிக்கை கொண்டுபோவேன், வருகைப் பதிவேட்டை வகுப்புக்கு வகுப்பு சுமப்பேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஒரு பேச்சு இருந்ததால் பிள்ளைகளுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பேன், பெற்றவர்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசில் வேலை, கைநாட்டு மட்டும் வைப்பார்கள், அப்படி ஒருநாள்தான் முப்பிடாதி வருகிறாள், அப்போது ஒன்பதாம் வகுப்பு, நாலு மைல் தள்ளி ஒரு காட்டூரிலிருந்து நடந்து வருகிற பிள்ளை, அண்ணாச்சி ஒரு லெட்டர் வேணும் என்கிறாள், எத்தன நாளைக்குட்டி என்கிறேன், மூணு, இல்ல நாலு போடுங்க என்கிறாள், காரணம் என்ன எழுத என்று கேட்டால் தண்டவாளத் துண்டில் இருக்கிற ஓட்டைகளை எண்ணுகிறாள், இரண்டே ஓட்டைதான், அதை ரொம்ப நேரமாக எண்ணுகிறாள், காரணம் எழுதாம லெட்டர் கிடையாதா அண்ணாச்சி, காரணம் இல்லாம நாள மட்டும் போட்டா அது கல்யாணப் பத்திரிகைட்டி, அப்ப நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்கிடுங்க, நான் யோசித்தேன், வயிற்றுவலி என்றால் ஹெட்மாஸ்டர் புளியங்காய் தின்றாயா என்று கேட்பார், அம்மை என்றால் தழும்பு கேட்பார், காய்ச்சல்தான் நல்ல சரக்கு, போன பிறகு தடயம் வைக்காது, கடுமையான காய்ச்சல் காரணமாக என்று எழுதி, நான்கு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்து, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி என்று போட்டு நீட்டினேன், அவள் ஊதி மை காயவைத்துக்கொண்டு போனாள்.

அந்த லெட்டர் நல்ல ராசியான லெட்டர், ஒருத்தி பார்த்து இன்னொருத்தி எழுதினாள், அவளைப் பார்த்து அடுத்தவள், வருஷம் திரும்புவதற்குள் முப்பத்தொரு பெண்பிள்ளைகளுக்கும் அதே கடுமை, அதே பணிவு, நான் எழுதித் தரவே வேண்டியதில்லை, எனக்கோ ஒரு கெட்ட பழக்கம், எதையாவது பார்த்தால் ஏன் என்று குடையும், பதிவேட்டைச் சுமந்துகொண்டு போகிற வழியில் பிரித்துப் பார்க்கிறேன், ஒவ்வொருத்திக்கும் காய்ச்சல் இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது, சிலருக்கு முப்பது, மூன்று நாள் நிற்கிறது, போய்விடுகிறது, பையன்களை மட்டும் தொடவே தொடாது, நாள்காட்டி பார்க்கத் தெரிந்த கொசு ஒன்று இந்தப் பக்கம் உலாத்துகிறது, அது பெயர்ப் பட்டியல் வைத்துக் கடிக்கிறது என்று எனக்கு ஒரு முடிவு, வீட்டில் கோமதியிடம் சொன்னேன், அவள் என் மனைவி, அன்றைக்கு அவளும் புழக்கடையில் தனித் தட்டும் தனிப் பாயுமாக உட்கார்ந்திருக்கிறாள், மாதத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் ரசம் நான்தான் வைப்பேன், அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு கரண்டுக் கம்பத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், ஏங்க, உங்கள நம்பியா ஒரு பள்ளிக்கூடம் நேரத்துக்கு நடக்கு என்றாள், அப்புறம், ரசத்துல உப்பு இல்ல என்றாள்.

மறுநாள் கட்டிடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், பெண்பிள்ளைகள் கழிப்பறை, மூன்று சுவர் முழுசாக இருக்கிறது, நாலாவது சுவரில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் இருக்கிறது, நேர் எதிரே பையன்கள் கபடி ஆடுகிற இடம், கதவு ஒரு ஆண்டுவிழாவுக்கு மேடைப் பலகையாகப் போய் அப்படியே கலைச்சேவையில் தங்கிவிட்டது, குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு பல்லி வரும், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டு வருவார்கள், அவர்களுக்கு ஒருநாள் இரண்டு நாளோடு போகும், நாலு மைல்காரி எங்கே ஓடுவாள், துணியை எங்கே மாற்றுவாள், மாற்றிய துணியை எந்தப் பைக்கட்டில் வைப்பாள், நின்று நின்று யோசித்தேன், ஒரு கதவுக்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்கும் நடுவில் இத்தனை கணக்குப் பாடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, பிறகு நேரமாகிவிட்டது, போய் மணி அடித்தேன்.

ஹெட்மாஸ்டர் ஞானதிரவியம் சார் நல்ல மனிதர், அதுதான் வினை, முப்பத்தொரு பிள்ளைகளின் காய்ச்சலைப் பார்த்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது, மலேரியாவாக்கும் என்று சுகாதார நிலையத்துக்கு எழுதிவிட்டார், அப்படித்தான் புகை வந்தது, புகைக்குப் பின்னால் ஊசிக்காரர் வந்தார், ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார், பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், முப்பிடாதி மட்டும் என்னைப் பார்க்கிறாள், கடைசியில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதே என்று ஹெட்மாஸ்டர் விரலையும் குத்தினார், ஒரு வாரத்தில் முடிவு வருகிறது, முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஒன்றும் இல்லை, மலேரியா ஹெட்மாஸ்டருக்கு, அன்று சாயங்காலமே அவரைக் குளிர் தூக்கிப் போட்டது, அவர் நடுங்கிய நடுக்கத்தில் ஆபீஸ் அறை ஓட்டில் இரண்டு சரிந்து விழுந்தன, அவருக்கும் லீவு லெட்டர் நான்தான் எழுதினேன், கடுமையான காய்ச்சல் காரணமாக, கீழ்ப்படிந்துள்ள மாணவி வரைக்கும் கை பழக்கத்தில் ஓடிவிட்டது, அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இளைத்துத் திரும்பி வந்தவர் காலைப் பிரார்த்தனையில் நின்று சொல்கிறார், எனக்கு வந்தது பாருங்க, அதுக்குப் பேருதான் காய்ச்சல், ரத்தத்துல இல்லாத காய்ச்சல் லெட்டர்ல மட்டும் எப்படிம்மா வந்துது, பொய் லெட்டர் ஒண்ணும் செல்லாது, அவ்வளவுதான், கொடிக்கம்பத்துக் கயிறு டக் டக் என்று அடித்தது, மற்றவர்களுக்கு அதனால் பெரிய சேதம் இல்லை, முப்பிடாதி இப்போது பத்தாம் வகுப்பு, அந்த நாட்களை லெட்டரோடு தள்ளிக் கொடுத்தால் தேறுவாள், தள்ளாவிட்டால் பதினோரு நாள் குறைவு, பரீட்சைக்கு உட்கார முடியாது, வகுப்பாசிரியர் சிதம்பரதாணு சார் பட்டியலை நீட்டினார், சார், நல்லாப் படிக்கிற பிள்ளை என்றார், ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெள்ளிக்கிழம பட்டியல் போவுது, அதுக்குள்ள உண்மையான காரணத்த எழுதி என் மேசைக்குக் கொண்டாரச் சொல்லும், நான் சிபாரிசு எழுதுதேன், இல்லன்னா என்னால ஆகாது என்றார், சேதி அவள் வீட்டுக்குப் போயிற்று, தாய் ரெங்கம்மாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள், விரல் நுனியெல்லாம் தீப்பெட்டி மருந்துக் கறை, என்கிட்டத்தான் சொல்கிறாள், பரீச்ச இல்லன்னா போவுது அண்ணாச்சி, ஆபீசுல என் பக்கத்துலயே எடம் கெடக்கு, குச்சி அடுக்கட்டும், அங்கன மட்டும் என்ன, மாசம் மூணு நாளு வராட்டா மேஸ்திரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவான், எங்க போனாலும் அந்த மூணு நாளும் கூடத்தான வருது, முப்பிடாதி தாய்க்குப் பின்னால் நின்று, நான் குச்சி அடுக்க மாட்டேன் என்றாள், சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, எனக்கு இன்னும் கேட்கிறது.

வியாழக்கிழமை கடைசி மணி அடித்துவிட்டுத் திரும்புகிறேன், கையில் நாலாக மடித்த தாளோடு நிற்கிறாள், அண்ணாச்சி, இத நீங்களே ஹெட்மாஸ்டர் சார் மேசையில வச்சிருங்க, நான் குடுத்தா அவுக படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கன நிக்கணும், நான் படிக்கலாமாட்டி, படிங்க, மொதல்ல காய்ச்சல்னு எழுதினது நீங்கதான, பிரித்தேன், ஐயா, எனக்குக் காய்ச்சல் இல்லை, எனக்கு மாதவிலக்கு, கழிப்பறைக்குக் கதவும் தண்ணீரும் இல்லாததால் அந்த நாட்களில் பள்ளிக்கு வர இயலவில்லை, கதவு இருந்தால் வருவேன், இப்படிக்கு ரெ. முப்பிடாதி, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, கீழ்ப்படிந்துள்ள என்ற சொல்லை விட்டுவிட்டாள், பணிவன்பும் இல்லை, அந்த மாதிரி ஒரு லீவு லெட்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, சட்டைப் பையில் வைத்தேன், வேப்பமரத்திலிருந்து ஹெட்மாஸ்டர் அறைக்கு முப்பத்தாறு எட்டு, நடக்கிறேன், பை இருக்கிற இடம் சுடுகிறது, ஜன்னலில் சார் தலை தெரிகிறது, பக்கத்தில் மூன்று வாத்தியார்கள் டீ குடிக்கிறார்கள், இதுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள், ஆகவே புரை விழுந்த வலது கண் மேலும் ஆணை.

ஹெட்மாஸ்டர் முதல் வரியைப் படித்தார், இரண்டாவது வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், மூன்றாவது வரிக்கு எழுந்து நின்றார், தாளை ஒரு கவரில் போட்டு அந்தரங்கம் என்று எழுதி, கையில் தொடக் கூச்சப்பட்டு ஸ்கேலால் தள்ளித் தாணு சாரிடம் கொடுத்தார், தாணு சார் அதை இன்னொரு கவரில் போட்டார், நான் அதைக் கல்வி அதிகாரி அலுவலகத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோகிறேன், அங்கே ஒவ்வொரு மேசையிலும் திறந்து பார்க்கிறார்கள், காது சிவக்கிறது, ஆளுக்கொரு கவர் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளுகிறார்கள், ஏழாவது மேசைக்குப் போகும்போது அது பரங்கிக்காய் கனம், கடைசி மேசை ஊருக்கு அந்தப் பக்கம் வேறு கட்டிடத்தில், போகிற வழியில் பஸ்காரர் அதற்கு அரை டிக்கெட் கிழித்துவிட்டார், அந்தக் கடைசி மேசையில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார், அவர் மட்டும் வெங்காயம் உரிக்கிற மாதிரி கவர்களை உரித்து, தாளை முழுக்கப் படித்து, இவ்வளவுதானே என்றார், அடியில் ஒரே வரி அடித்தார், உடனே கதவு போடவும்.

கதவுக்கு எங்கே போவது, ஹெட்மாஸ்டர் தன் அறைக் கதவைத் தானே கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடக்கிறார், கபடிப் பையன்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்கிறார்கள், பின்னால் தாணு சார் கீலைச் சுமந்து வருகிறார், அதற்குப் பின்னால் நான் திருகாணிகளோடு, கதவு மாட்டியாயிற்று, குழாயில் பல்லி வந்தது, அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது, ஹெட்மாஸ்டர் கதவில்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறார், போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிறார், சோற்று வாளியைத் திறக்கவும் கூச்சம், கண்ணை மூடவும் கூச்சம், மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, யப்பா, அந்தப் பிள்ளைங்க நாள் முழுக்க இப்படியா இருந்துதுங்க என்கிறார், பதினோரு நாள் குறைவுக்கு அவரே வழியும் சொன்னார், சனி ஞாயிறில் பள்ளிக்கூடம் திறந்தார், ஒரே ஒரு பிள்ளைக்கு, நான் ஒரே ஒரு பிள்ளைக்கு மணி அடிக்கிறேன், தாணு சார் காலி வகுப்பில் நின்று முப்பிடாதி என்று கூப்பிடுகிறார், உள்ளேன் ஐயா, அந்தப் பதினோரு நாள் முடிவதற்குள் அவளுக்கு அந்த மூன்று நாளும் வந்தன, அவளும் வந்தாள், பின்னால் கதவு சாத்துகிற சத்தம் வேப்பமரம் வரைக்கும் கேட்டது, பங்குனி வெயிலில் பரீட்சை எழுதினாள், கேள்வித்தாளில் இல்லாத கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு வந்தாள், இப்போது அவள் பெரிய அதிகாரி, ஜீப்பில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிறாள், எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய்க் கதவைத் தள்ளிப் பார்க்கிறாள், தாழ்ப்பாள் விழுகிறதா என்று உள்ளே போய்ப் போட்டும் பார்க்கிறாள், ரெங்கம்மாள் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், விரலில் கறை இல்லை, நான் ஜீப்புக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கிறேன், அவள் இறங்குகிறாள், அண்ணாச்சி என்கிறாள்.

முப்பிடாதி தந்த கடிதத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.