பதினைந்தாவது பந்து

என் தகப்பனார் ச. அருளப்பன் பெயரில் ஒரு சுழற்கேடயம் உண்டு. திண்டுக்கல்லில் எங்கள் மன்றம் அதை முப்பது வருடம் கேரம் போட்டிக்குக் கொடுத்து வந்தது. அதில் பத்தொன்பது வருடம் அது எங்கள் வீட்டில்தான் இருந்தது. பிறகு உறுப்பினர் ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து, பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் ஆட்டத்துக்கு ஒரு மேசை வாங்கி அனுப்பினார். கேரம் பலகை சுவரோரம் சாய்ந்தது. கேடயம் பூல் போட்டிக்கு மாறியது. மாறிய பிறகு இரண்டு வருடமும் அதை வென்றவர் பெலிக்ஸ், என் தங்கை ஜெயமேரியின் கணவர்.

தொடர்ந்து மூன்று வருடம் வென்றவர் கேடயத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்த விதியை எழுதியவர் என் தகப்பனாரே. பத்தொன்பது முறை வென்ற எனக்கே மூன்று தொடர்ந்து அமைந்ததில்லை.

ஈஸ்டர் விருந்தில் பெலிக்ஸ் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: “மாமா பேரு எங்க வீட்டு ஷோகேசுல பத்திரமா இருக்கு மச்சான். வாரா வாரம் நானே தொடச்சு வைக்கிறேன். இந்த வருசத்தோட, நீங்க அதப் பாக்கணும்னா எங்க வீட்டுக்குத்தான் வரணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயமேரி சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் ஆடுவது ஸ்ட்ரெய்ட் பூல். மேசையில் பதினைந்து வண்ணப் பந்துகள். எந்தப் பந்தை எந்தக் குழியில் போடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பந்தால் அடிக்க வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி, தவறினால் எதிராளியின் முறை. முதலில் நூறு எடுப்பவருக்கு வெற்றி. குறி வைப்பதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனாலும் நாலைந்து பந்து போட்டதும் ஆறாவது எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மே மாதம் வினோலியா என்ற பெண் மன்றத்துக்கு வந்தாள். சென்னைக்காரி. பூல் ஆடுவதே அவளுக்குத் தொழில். தாடிக்கொம்பு சாலையில் மாமியார் வீட்டுக்குப் பத்து நாள் வந்தவள், காலையில் இரண்டு மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்ய அனுமதி வாங்கியிருந்தாள்.

“போய் ஒரு வார்த்த கேளுங்க. என்ன கொறஞ்சா போயிருவீங்க?” என்றாள் என் மனைவி ஆனந்தமேரி.

“நம்ம வீட்டுல யாரும் கேட்டுக் கத்துக்கிட்டது இல்ல” என்றேன்.

கேட்கவில்லை. செய்தித்தாளோடு போய் மூலையில் உட்கார்ந்தேன். செய்தித்தாள் படிக்க எனக்கு உரிமை உண்டு. முப்பத்தாறு வருடமாகச் சந்தா கட்டுகிறேன்.

முதல் இரண்டு நாள் வண்ணப் பந்துகளையே பார்த்தேன். புதிதாக ஒன்றுமில்லை. அவள் போட்டவை எல்லாம் நானும் போடக்கூடியவை. மூன்றாம் நாள்தான் அவள் கண்ணைக் கவனித்தேன். அடித்த பந்து குழியில் விழுகிறதா என்று அவள் பார்க்கவே இல்லை. வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பார்த்தாள். அது நிற்கும் இடத்துக்கு நேராக அடுத்த பந்து காத்திருந்தது.

எனக்கு முகம் சுட்டது. கேரத்தில் ஸ்ட்ரைக்கர் எங்கே போனால் என்ன? எடுத்துக் கோட்டில் வைத்துக்கொள்வோம். ஐம்பது வருடப் பழக்கத்தில் நான் வெள்ளைப் பந்தை ஸ்ட்ரைக்கராக நினைத்தே ஆடிக்கொண்டிருந்தேன். இங்கே அது கைக்குத் திரும்பி வராது.

ஆறாம் நாள் இன்னொன்று தெரிந்தது. சுலபமான ஒரு பந்தை அவள் தொடாமலே சுற்றிச் சுற்றி மற்றவற்றைப் போட்டாள். பதினான்கு போனபின் அது மட்டும் நின்றது. விதிப்படி அந்தப் பதினான்கையும் முக்கோணமாக மறுபடி அடுக்கினாள். விட்டுவைத்த பந்து அடுக்குக்குப் பக்கத்திலேயே நின்றது. அதைக் குழிக்கு அனுப்பிய அதே அடியில் வெள்ளை திரும்பி அடுக்கைப் போய் உடைத்தது. பந்துகள் சிதறின. ஆட்டம் அவள் கையிலேயே இருந்தது.

“அய்யா, அது நேத்து பேப்பர்” என்றாள், குச்சி முனையில் சாக்பீஸைத் தேய்த்தபடி.

“நேத்து படிக்க நேரமில்ல.”

“சரி. நாளைக்கு அந்தப் பக்கம் சேர் போட்டுக்கோங்க. இங்கேர்ந்து வெள்ளை சரியாத் தெரியாது.”

மறுநாள் அந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்ததால் நாற்காலியை மாற்றிப் போட்டேன்.

அவள் ஊருக்குப் போனபின் இரண்டு மாதம், மதியங்களில், ஆளில்லாத மன்றத்தில் ஆடினேன்.

ஆகஸ்டில் இறுதி ஆட்டம். எதிரே பெலிக்ஸ். கேடயத்தை அவர் கார் டிக்கியிலிருந்து இறக்கவே இல்லை. எப்படியும் திரும்ப ஏற்ற வேண்டும் என்றாராம். செயலாளர் அப்பாஸ் புள்ளி எழுதினார். பெலிக்ஸ் எண்பத்தெட்டு, நான் எழுபத்திரண்டு. பெலிக்ஸ் வழக்கம்போலச் சுலபமானதை எல்லாம் முதலில் போட்டுவிட்டிருந்தார். கடைசிப் பந்து தூரத்து ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. அடுக்கியதும் பலம்கொண்ட மட்டும் அடித்தார். பந்து விழவில்லை, வெள்ளை உருண்டுபோய் அடுக்கை உடைத்தது.

பதினைந்தும் பரந்து கிடந்த மேசை எனக்கு வந்தது. நான் அடிக்கவில்லை. ஒருமுறை சுற்றி நடந்தேன். அடுக்கு வரும் இடத்துக்கு வலப்பக்கம் ஒரு மஞ்சள் பந்து, குழிக்கு நேராக நின்றது. அதை விட்டுவிட்டு மற்றதைத் தொடங்கினேன்.

ஐந்து, ஆறு, ஏழு. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. 

“மச்சான், மஞ்ச கண்ணுக்குத் தெரியலயா? ஆப்பரேசன் பண்ணிருவமா?” என்றார் பெலிக்ஸ். 

“செத்த பொறுங்க” என்றேன்.

பதினான்காவது விழுந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. வெள்ளை வந்து, நான் நினைத்த இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி நின்றது. போதும். எண்பத்தாறு. அப்பாஸ் அடுக்கினார். மஞ்சள் தனியாக நின்றது. அப்போதுதான் கூட்டத்துக்குப் புரிந்தது.

“மஞ்ச, வலது மூலை” என்றேன். குனிந்து அடித்தேன். மஞ்சள் போயிற்று. வெள்ளை அடுக்கின் விலாவில் பாய்ந்து பதினான்கையும் சிதறடித்தது. பெலிக்ஸ் குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மீதிப் பதின்மூன்றுக்கு நான் அவசரப்படவில்லை. “நூறு, சார்” என்றார் அப்பாஸ். மேசையில் ஒரே ஒரு பச்சைப் பந்து மிச்சம். அது அடுக்கு வரும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்த அடுக்கு தேவைப்படாது என்று தெரிந்தும் விட்டுவைத்திருந்தேன்.

பெலிக்ஸ் அந்தப் பந்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “இத ஆரு மச்சான் சொல்லிக் குடுத்தா?”

“ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. பேப்பர் படிச்சேன்.”

அவரே போய்க் காரிலிருந்து, துண்டில் சுற்றியிருந்த கேடயத்தை எடுத்து வந்தார். துண்டை விலக்கிப் பார்த்தேன். தகப்பனார் பெயரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அந்த விஷயத்தில் அவர் சொன்னது உண்மை.

“கார்ல கொண்டாந்து விடுறேன் மச்சான்.”

வேண்டாம் என்றேன். துண்டை மடித்து அவரிடமே கொடுத்தேன். கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மணிக்கூண்டைச் சுற்றி, கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கு அது சுற்றுவழிதான்.