இடது பக்கக் கீல்

காலை ஒன்பது பத்துக்குக் கேமராவை எதிர்வீட்டு வாசலில் வைத்தார்கள்.

வீடு பிளைவுட். நடுவில் நாலடி நடை. நடைக்கு அந்தப் பக்கம், கொலை நடந்த அறை. அதுவும் பிளைவுட். கதவும் நிலையும் மட்டும் நிஜம்.

அவற்றைக் கொண்டுவந்தவர் செட் தச்சர். யூனிட்டில் அவருக்கு முழக்கோல் என்று பெயர். வெறும் போட்டோவைப் பார்த்து எதையும் செய்ய மாட்டார். நேரில் போய் அளந்தால்தான் கை ஓடும். பன்னிரண்டு வருடம் முன்பு கொலை நடந்த அந்தக் கட்டடத்துக்கு, இந்தப் படத்துக்காக அவர் போனபோது பாதி இடித்திருந்தார்கள். அந்த அறையின் கதவை நிலையோடு பெயர்த்து லாரியில் ஏற்றினார். மறுவாரம் அங்கே கட்டடமே இல்லை.

படத்தின் கதை நடந்த கதை. தனியாக இருந்த தையல்காரி ஒருத்தி கட்டிலில் அடித்துக் கொல்லப்பட்டாள். போலீஸ் பதினோரு நாள் தேடியது. பிடிபட்டவர், அன்று மத்தியானம் குழாய் சரிசெய்ய வந்து ஸ்பானரை மறந்து வைத்துவிட்டுப் போன குழாய்க்காரர். பிடித்த இன்ஸ்பெக்டர் இப்போது ஓய்வில். படத்துக்கு ஆலோசகர். டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. எல்லோருக்கும் ஐயா.

குழாய்க்காரரின் மனைவியும் வந்திருந்தாள். அவள் வேடத்தில் நடிக்கும் பெண் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக உதவி டைரக்டர் அழைத்து வந்திருந்தான். முதலில் வரமாட்டேன் என்றாள். "நீங்க வரலைன்னா நாங்களா ஏதாவது எடுத்துடுவோம்க்கா" என்றான், மிகவும் பணிவாக. வந்தாள்.

நடிகை அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவரைப் பிடிச்ச அன்னிக்கு எப்படிக்கா அழுதீங்க? சத்தமாவா, உள்ளுக்குள்ளயேவா?"

"அழலை. துணி ஊறப் போட்டிருந்தேன். அலசிட்டு இருந்தேன்."

"ஐயோ. அது எடுபடாதுக்கா."

அவள் மன்னிப்புக் கேட்பவள்போல் தலையாட்டினாள்.

அன்று அவள் அழாததற்குக் காரணம் இருந்தது. எதிர்வீட்டுக்காரி கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவிட்டாள். கதவு பாதி திறந்திருந்தது, கட்டில் பக்கத்தில் குழாய்க்காரர் ஸ்பானரோடு நின்றார், என் வாசலில் இருந்தே பார்த்தேன் என்றாள். அவளுக்கு என்ன பகை? அவள் நல்லவள். மனைவியும் நம்பிவிட்டாள். வழக்கு முடிந்து சில வருடத்தில் செத்தும் போனாள்.

மனைவி சிறைக்கு ஒரே ஒரு தடவை போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"நீ போய் அந்தம்மா வாசல்ல நில்லு. நின்னு பாரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

வக்கீலிடமும் அதையே சொல்லியிருந்தார். வக்கீல் போகவில்லை. அவள் போகக் கிளம்பினாள். இன்ஸ்பெக்டர் தடுத்தார். "அங்கெல்லாம் போகாதேம்மா. ராத்திரி தூக்கம் வராது. குழந்தையைப் பாரு." நல்ல மனிதர் என்று நினைத்தாள். அவர் சொன்னபடி குழந்தையைப் பார்த்தாள். அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி வளர்த்தாள். அவர் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டாள். பிறகு கடிதம் வருவதும் நின்றது.

"எங்கய்யா கட்டில்?" என்றார் டைரக்டர்.

மானிட்டரில் கதவு தெரிந்தது. கதவுக்கு வலப்பக்கம் அடுப்பு, ஒரு குடம், பாதி ஜன்னல்.

"கட்டில் இடது பக்கம் சார்" என்றார் கேமராமேன். "கதவு மறைக்குது."

"நல்லாத் திறங்கப்பா."

உதவி டைரக்டர் தள்ளினான். கதவு கட்டிலின் காலில் இடித்து நின்றது. பாதிதான் திறந்தது.

"முழக்கோலு! என்ன கதவு மாட்டியிருக்கீரு?"

தச்சர் காதில் பென்சிலோடு வந்தார். "அது எப்படி இருந்ததோ அப்படித்தான் சார் இருக்கு. இடது பக்கக் கீல். கீலே அந்தக் காலத்துக் கீல். மேல ஆறு கோட்டு பெயிண்ட் ஏறியிருக்கு, பாருங்க. ஒருத்தனும் கழட்டினதில்ல."

"கட்டில்?"

"போலீஸ் போட்டோவில இருக்கிற இடம். காலுக்குக் கீழ தரையில தேஞ்ச தடம்கூட அளந்து போட்டிருக்கேன்."

"அப்ப அந்தம்மா எதைய்யா பார்த்தா?"

"கண்ணு வளைஞ்சு போய்ப் பார்த்திருக்கும் சார்" என்றார் கேமராமேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

குழாய்க்காரரின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில், எதிர்வீட்டுக்காரி நின்ற இடத்தில் நின்றாள். அடுப்பு தெரிந்தது. குடம் தெரிந்தது.

"உள்ள ஆள் நிக்கிறாரா?" என்று கேட்டாள்.

"நிக்கிறேம்மா, நிக்கிறேன். கைதான் வலிக்குது" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் கணவராக நடிப்பவர். ஸ்பானரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அவள் எட்டிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, ஐயாவைப் பார்க்காமல், வெளியே நடந்தாள்.

செட்டுக்குள் போன் கூடாது. கதை வெளியே போய்விடும் என்று எல்லோருடையதையும் கேட்டில் வாங்கிப் பையில் போட்டு டோக்கன் கொடுத்திருந்தார்கள். கேட்டில் இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் காத்திருந்தாள்.

உள்ளே ஐயா தச்சரின் தோளில் கை போட்டார்.

"கீலை வலது பக்கம் மாத்திடலாமே."

"மாத்தலாம் ஐயா. ஆனா நிஜக் கதவு..."

"நிஜம் எனக்குத் தெரியாதா? அங்க இருந்தவன் நான். கட்டடத்துக்காரன் அப்புறமா மாத்தியிருப்பான்."

"பெயிண்ட்டைப் பார்த்தா அப்படித் தெரியல ஐயா."

"நீ தச்சன். நான் போலீஸ். யார் சொன்னா எடுபடும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தச்சரும் சிரித்தார்.

"மாத்துங்கய்யா, நேரம் போகுது" என்றார் டைரக்டர். "சினிமாதானே."

"பழைய குழியெல்லாம் தெரியக் கூடாது" என்றார் ஐயா. "குளோசப் வருது."

குளோசப்பைப் பற்றி டைரக்டர்கூடச் சொல்லவில்லை. தச்சருக்கு அது பிடித்திருந்தது. வேலை தெரிந்த மனிதர்.

பெயிண்ட்டைக் கீறிக் கீல்களைக் கழற்றினார். எதிர் நிலையில் புதிதாகக் குழி வெட்டினார். தாழ்ப்பாளை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். பழைய குழிகளில் அதே மரத்தின் துண்டுகளை இழைத்து இறக்கி, மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி, இழைப்புளியை ஓட்டினார். பழைய கட்டடத்தில் அளந்து நிலை மேலேயே பென்சிலால் எழுதிவைத்த அளவுகளும் அந்த ஓட்டத்தில் சுருளாக விழுந்தன. அதன் மேல் நிறம். மின்விசிறியைத் திருப்பிக் காயவைத்தார். ஒரு மணி நேரம் ஆனது. விரலை ஓட்டிப் பார்த்தார். விரலுக்கே தெரியவில்லை.

கேட்டில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி, அந்தப் பழைய வக்கீலைக் கூப்பிட்டாள். அவர் முதலில் "எந்த கேஸ்?" என்றார். சொன்னாள். "ஓ, ஸ்பானர்" என்றார். அவள் கதவைப் பற்றிச் சொன்னாள்.

"அந்தக் கதவு இப்ப எங்க இருக்கு?"

"இங்கதான் சார். செட்டுல."

"யாரையும் தொட விடாதீங்க. பக்கத்துலயே நில்லுங்க. ஆள் இன்னும் உள்ளதானே இருக்கார்? வெளிய கொண்டுவரலாம். நான் வர்றேன்."

அவள் ஓடினாள். ஐம்பது வயதுக்கு ஓடக்கூடிய அளவுக்கு.

கேமரா அதே இடத்தில் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் முழுசாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் அவள் கணவர் ஸ்பானரோடு நின்றார்.

"இப்ப பாரும்மா" என்றார் ஐயா நாற்காலியிலிருந்து. "தெளிவா இருக்கு. நான் அன்னிக்கே சொன்னேன், போகாதே, தூக்கம் வராதுன்னு."

அவள் நிலையருகே போய் இடது பக்கத்தைத் தடவினாள். மேலே, நடுவே, கீழே. வழவழப்பாக இருந்தது.

"தேடாதீங்கம்மா" என்றார் தச்சர் பெருமையோடு. "கடவுளே வந்து தடவினாலும் கிடைக்காது."

"இங்கதானே இருந்துச்சு?"

"இங்கதான். மூணு கீல். ஆறு கோட்டு பெயிண்ட்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். மரச் சுருள்களைக் கையால் கூட்டினாள். ஒன்றைப் பிரித்தாள். அதில் பென்சில் கோடு பாதி இருந்தது. எண் இல்லை.

"அட, இது! இந்த அழுகைதான்!" என்று நடிகை பின்னாலிருந்து சொன்னாள். "அக்கா, அப்படியே இருங்க."

தச்சர் அவள் கையில் இருந்த சுருளைப் பார்த்தார். பிறகு நிலையைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அவர் முகத்திலிருந்த பெருமை மெதுவாக இறங்கியது. திரும்பி ஐயாவைப் பார்த்தார். ஐயா டீயை ஊதிக்கொண்டு இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைலன்ஸ்!" என்று உதவி டைரக்டர் கத்தினான்.

மின்விசிறி நின்றது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அவள் தச்சரின் சட்டை நுனியைப் பிடித்து, கீழேயிருந்து, மூச்சுச் சத்தத்தில் கேட்டாள்.

"அண்ணே, இப்ப சொன்னீங்களே, இங்கதான் இருந்துச்சுன்னு. கோர்ட்டுல வந்து சொல்வீங்கல்ல?"